சித்தப்பாவின் பரோக் வாசல்

ஆக்லாந்தின் மாசிப் புறநகரில் வீடு வாங்குகிறவர்கள் முதல் வேலையாக வேலி அடிப்பார்கள். என் சித்தப்பா முதல் வேலையாக இரண்டு பூதங்களைச் செய்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

நியூசிலாந்துக்கு வருவதற்கு முன் அவர் வியன்னாவில் கொஞ்சக் காலம் இருந்தவர். அங்கே ஏதோவொரு பிரபு குடும்பம் நகரத்துக்குள் கட்டிய பழைய மாளிகையைப் பற்றிப் பேசத் தொடங்கினாரென்றால் எங்கள் தட்டில் சோறு ஆறிவிடும். பரோக் பாணியாம். சன்னல்களுக்கு மேல் சுருள் சுருளாகக் கல் இலைகள், நடுவில் குடும்பச் சின்னம், வாசலின் இரு பக்கமும் முதுகை வளைத்துப் பல்கனியைத் தாங்கும் கல் பூதங்கள். "எங்கட ஆக்கள் தூண் வைப்பினம். அவங்கள் தூண் நிக்கிற இடத்திலை மனுசனையே நிப்பாட்டிப்போட்டாங்கள்" என்பார்.

அதே வாசல் தன் மூன்று அறை வீட்டுக்கும் வேண்டுமென்று முடிவெடுத்தார். விரி என்ற இடத்தில் அவர் வேலை செய்த கிடங்கில், பிரிட்ஜுகள் அடிபடாமல் பெட்டிக்குள் சுற்றிவரும் வெள்ளை நுரைக்கட்டி, ரெஜிபோம், குவிந்து கிடந்தது. அதைக் காருக்குள் அடைத்துக் கொண்டுவந்து பாண் வெட்டும் கத்தியால் செதுக்கினார். ஒரு பூதத்துக்கு என் அப்பாவின் முகம் அமைந்துவிட்டது. அதை அப்பாவைத் தவிர எல்லாரும் கண்டுபிடித்தார்கள். மேலே மெல்லிய பலகையில் ஒரு பல்கனி. குடும்பச் சின்னமாக ஓர் இறால். சித்திக்கோ இறால் ஒத்துக்கொள்ளாது.

புது வீட்டில் பால் காய்ச்சும் குடிபூரல் நெருங்க நெருங்கச் சித்தி அழாக்குறையாகக் கெஞ்சினார். ஆக்லாந்துத் தமிழர்களில் பாதிப்பேர் வரப்போகிறார்கள், பார்த்துச் சிரிப்பார்கள் என்று அவருக்குப் பயம். "ஒருத்தர் சிரிச்சாலும் நானே கழட்டி எறியிறன்" என்று சித்தப்பா எல்லார் முன்னிலையிலும் வாயை விட்டுவிட்டார்.

அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. வந்தவர்கள் வாசலில் தயங்கினார்கள், செருப்பைக் கழற்றினார்கள், கும்பிட்டார்கள். துவாரபாலகர் என்று நினைத்துவிட்டார்கள்! யாரோ அப்பாவின் முகத்துக்குக் குங்குமம்கூட வைத்தார்கள். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தியின் அக்கா பக்தி முற்றி அந்தப் பூதத்தின் காலடியில் கற்பூரம் கொளுத்தும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ரெஜிபோம் கால் முழங்கால்வரை உருகிச் சுருங்கியது. காய்ச்ச வைத்திருந்த பாலை ஊற்றி அணைத்தார்கள். அதற்குள் பல்கனி சரிந்தது. சித்தப்பா பட்டு வேட்டியோடு பாய்ந்து, அதன் கீழே தோளைக் கொடுத்து, முதுகை வளைத்து நின்றார்.

முதலில் சிரித்தது சித்திதான். பிறகு ஐயர் உட்பட எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சரி, பின்னேரம் கழட்டிறன்" என்றார் சித்தப்பா, தோளை எடுக்காமலே. முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அவரைச் சந்தோஷப்படுத்த, அந்த மாளிகைக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"தெரியாது பிள்ளை. உள்ளுக்கு நான் போகேல்லை. எதிர்ப்பக்கம் விசா ஒஃபிஸ். விடிய விடியப் பனிக்குள்ளை கியூவிலை நிண்டு, அந்த ரெண்டு பேரையும்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

சித்தியின் சிரிப்பு நின்றது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அப்பாவைக் கூப்பிட்டு, கராஜிலிருந்து ஒரு கட்டை கொண்டுவந்து பூதத்துக்குக் கால் வைக்கச் சொன்னார். கழற்றினால் நடப்பது வேறு என்று சித்தப்பாவிடம் கோபமாகவே சொன்னார்.

சித்திக்கும் ஒருவழியாகப் பூதங்களைப் பிடித்துவிட்டது என்று எனக்கு அன்று ஒரே சந்தோஷம்.