ருவைஸுக்கு ஒரு கதையைத் திருப்பிக் கொண்டுபோனது

நான் ஓய்வுபெற்ற ஜெர்மன் மொழி ஆசிரியர். அஜ்மானில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ருவைஸ் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு சம்மதம் கேட்க.

சென்ற மாதம் அபுதாபி பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த குமரிக் கடற்கரைக்காரர், ருவைஸில் வேலை பார்க்கும் வெல்டர் மரியதாஸ், தன் அம்மா சொன்ன கதை ஒன்றைச் சொன்னார். பஞ்சத்தில் ஒரு தாய் பிள்ளைகள் இருவரையும் கட்டுமரத்தில் ஏற்றிக் கடலில் தள்ளிவிடுகிறாள். பல நாள் கழித்து அவர்கள் திரும்பும்போது கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறாள். இந்த வலைப்பக்கத்தில் பதிய எழுதி வைத்தேன். எழுதும்போது பயந்துபோய்த் தாயைச் சித்தி ஆக்கிவிட்டேன். நாட்டார் கதைகளைத் திரட்டிய இரு ஜெர்மன் சகோதரர்களும் பிந்தைய பதிப்புகளில் இதைத்தான் செய்தார்கள். சித்தி என்றாலே குழந்தைகள் மிரளுவதில் அவர்களுக்கும் பங்குண்டு. வகுப்பில் அதை வருடக்கணக்காகக் குறை சொன்னவன் நான்.

காலை 6.00 மணிக்கு அஜ்மானில் ஏறினேன், 35 திர்ஹாம். அபுதாபியில் 9.30க்கு ருவைஸ் பேருந்து. சுமார் 240 கிலோமீட்டர், இன்னொரு 35 திர்ஹாம். கதை எழுதிய தாள் பையில் இருக்கிறதா என்று ஆறு முறை எழுந்து பார்த்தேன். "சாச்சா, பைட் ஜாவ்!" என்று ஓட்டுநர் இந்தியில் உட்காரச் சொல்லிக் கத்தினார். உட்கார்ந்தேன்.

1.15க்கு ருவைஸ். டீக்கடையில் மரியதாஸ் சிரித்தார். "போன்ல அனுப்பினா போராதா சாரே? இதுக்காட்டா இம்புட்டு தூரம்?"

வாசித்தேன். சித்தி வந்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"இது ஆரு சாரே சித்தி? நம்ம கதையில கெடையாதே."

"பெத்தவ அப்படிச் செய்வாளான்னு படிக்கிறவங்க வருத்தப்படுவாங்க..."

"செய்வா. எனக்க அம்மதான் பத்தொம்பது வயசுல என்னைய பிளைட் ஏத்திவிட்டா." தாளில் அந்த வரியைத் தொட்டார். "சித்தின்னா அவ எதுக்கு சாரே கழுத்தளவு தண்ணியில நிக்கணும்?"

நான் தாளை மடிக்கப் போனேன்.

"அம்மான்னு இருந்தா போடுங்க. இல்லன்னா கிழிச்சிருங்க."

அங்கேயே பேனாவை எடுத்து நான்கு இடத்தில் அடித்துத் திருத்தினேன். அவர் எட்டிப் பார்த்தார். "இன்னும் ஒண்ணு கெடக்கு. கடைசி வரியில."

போகிறவர்களுக்கு: அபுதாபிப் பேருந்துக்குப் பயண அட்டை வேறு, முன்பே வாங்குங்கள். ஸ்வெட்டர் அவசியம், பேருந்தில் ஏசி கடுமை. எழுதியதைக் கதை சொன்னவரிடமே நேரில் வாசித்துக் காட்டுங்கள். போனில் அனுப்பியிருந்தால் கிளாஸ் கீழே இறங்கியதை நான் பார்த்திருக்க மாட்டேன்.

கதை கீழே இருக்கிறது. அதில் சித்தி இல்லை.