பெலவீனங்களுக்கான ஜெபம்

என் அப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் பிள்ளைகள்மேல் கை வைக்காத தகப்பன் அவர் ஒருவர்தான். தலைமையாசிரியராக இருந்தும் பிரம்பைத் தொட்டதில்லை. பகல் முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வராது. “ஏட்டி, ஒங்க அப்பா மாதிரி தங்கமான மனுசன் உண்டுமா?” என்று அடுத்த வீட்டு அத்தை கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவளுக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டு ஏழு மணி ஜெபத்துக்கு அவள் வந்து உட்கார்ந்திருக்கிறாளா?

அப்பா எல்லாவற்றையும் ஏழு மணிக்குச் சேர்த்து வைப்பார். சோறு கறியெல்லாம் மூடி வைத்திருக்கும். ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், பிறகு ஜெபம். ஜெபத்தில் குறுக்கே பேசக் கூடாது. கண்ணைத் திறக்கக் கூடாது. அப்பாவின் குரல் பைய இறங்கி, தேன் தடவினதுபோல வரும். “எங்கள் அன்பின் பரம தகப்பனே, சர்க்கரை டப்பாவை இரகசியமாகத் திறக்கிற உம்முடைய அடியாளின் பெலவீனத்தை எடுத்துப்போடும்” என்பார். அடியாள் என்பது என் அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. எங்கள் வீட்டில் குற்றம், தப்பு என்ற சொற்களே கிடையாது. எல்லாமே பெலவீனம். கணக்கில் மார்க் குறைந்தால் பெலவீனம், சத்தமாகச் சிரித்தால் பெலவீனம். முடிவில் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். ஆமென் என்றால் ‘அப்படியே ஆகட்டும்’ என்று பொருள். நம்மைத் திட்டினதற்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும்.

அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள், ஏன் என்னை இப்படிப் பிள்ளைக்கு முன்னால் சொல்லுகிறீர்கள் என்று. அப்பாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “நான் ஒன்கிட்டயா சொன்னேன்? ஆண்டவர்ட்டல்லா சொன்னேன்” என்றார். 

எனக்குப் பன்னிரண்டு வயதாகியும் படுக்கை நனைந்துகொண்டிருந்தது. அம்மா விடிவதற்குள் பாயைக் கழுவி, விரிப்பைப் பின்பக்கத்துக் கொடியில் போட்டு மறைத்துவிடுவாள். எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு நாள் முக்கூடலிலிருந்து ஓர் உபதேசியார், அந்த ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்கிறவர், அப்பாவின் கூட்டாளி, குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மகள் என் வகுப்பு. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள், என் பக்கத்துப் பெஞ்சு. அன்றைக்கு அப்பா ஊருக்காக, மழைக்காக, உபதேசியாரின் ஊழியத்துக்காக எல்லாம் ஜெபித்துவிட்டு, “பன்னிரண்டு வயதிலும் படுக்கையை நனைக்கிற இந்தப் பிள்ளையின் பெலவீனத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. கண்ணைத் திறந்துவிட்டேன். அங்கே இருந்த எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், அப்பாவைத் தவிர. அவர் கண் திறந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது உள்ளே இறங்கியதா என்று பார்க்கிறார். நான் பார்ப்பதைக் கண்ட பிறகும் அவர் கண்ணை மூடவில்லை. குரலிலும் ஒரு பிசிறு இல்லை. ஜெபம் முடிந்ததும் நானும் ஆமென் சொன்னேன். சாப்பிடும்போது பொரித்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் அப்பாவே வைத்தார். உபதேசியாரின் மகள் மறுநாளே என் பக்கத்திலிருந்து பெஞ்சு மாறிக்கொண்டாள்.

காலையில் விரிப்பைக் கழுவும்போது அம்மாவிடம் சொன்னேன். எனக்கென்று ஒரு வீடு வரும், அந்த வீட்டில் யாருடைய குறையையும் ஜெபத்தில் இழுக்க மாட்டேன், செத்தாலும் மாட்டேன், சத்தியம். அம்மா விரிப்பைப் பிழிந்துகொண்டே, “கிறிஸ்தவங்க சத்தியம் பண்ணக் கூடாதுட்டீ” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சத்தியத்தை நான் காப்பாற்றத்தான் செய்தேன். கல்யாணமாகி, பாளையங்கோட்டையிலேயே வீடு கட்டி, மகள் பிறந்து, அவள் கல்லூரி போகிற வரைக்கும் காப்பாற்றினேன். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வீட்டில் நானும் மகளும்தான். எங்கள் வீட்டு ஜெபம் முட்டை வேகுறதுக்குள்ள முடிஞ்சிரும் என்று அவள் தன் கூட்டாளிகளிடம் பெருமையடிப்பாள். கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம்! வேறு எதையும் நான் பெரிதாக ஆசைப்பட்டதில்லை. அன்றைக்கு அப்பாவை நான் எந்தக் கண்ணால் பார்த்தேனோ, அந்தக் கண்ணால் என் மகள் என்னைப் பார்த்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அம்மா இறந்த பிறகு அப்பா என்னோடு வந்தார். வந்த வருஷமே பக்கவாதம். வலது கை, வலது கால், கூடவே பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. ஆமென். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆமென், வயிறு வலித்தாலும் ஆமென். பழகித் தேய்ந்த சொல்தான் சிலருக்குக் கடைசியில் மிஞ்சும் என்றார் டாக்டர். சிலருக்குக் கெட்ட வார்த்தை மிஞ்சுமாம், குடும்பத்துக்கு அதுதான் சங்கடமாம். எங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு விரிப்புகள். நாள் தவறாமல் விரிப்புகள். நானும் டீச்சர்தான்; காலையில் அதைத் துவைத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் ஓட வேண்டும். டயப்பர் கட்டினால் இடது கையால் பிய்த்து எறிந்துவிடுவார். ஊட்டுகிற சோற்றை என் முகத்திலேயே துப்புவார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஜெபத்தில், நான் நினைக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது: “ஊட்டுகிற கையைத் தட்டிவிடுகிற உம்முடைய தாசனின் பெலவீனத்தை எடுத்துப்போடும்.” குரல்கூட என்னுடையது இல்லை. அதே தேன், அதே இறக்கம். அப்பா, “ஆமென்” என்றார்.

பதறியிருக்க வேண்டும், இல்லையா? பதறவில்லை. இனித்தது. வெயிலில் வந்தவள் செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தால் தொண்டையில் இறங்குமே, அப்படி இறங்கியது. அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தப் பார்த்தேன் என்றும் சொல்ல மாட்டேன்.

அவருடைய பழைய மாணவர்கள் சிலர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். நரைத்த தலைகள், பெரிய உத்தியோகங்களில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். சார், சார் என்று காலடியில் உட்கார்ந்துகொண்டார்கள். ஜெபித்து அனுப்புங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். ஜெபித்தேன். அத்தனை வருஷமாக என் நெஞ்சில் கிடந்த அந்த வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் எடுத்தேன், வயதை மட்டும் மாற்றினேன். “எண்பது வயதிலும் படுக்கையை நனைக்கிற இந்தப் பிள்ளையின் பெலவீனத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே.” பிள்ளை என்றேதான் சொன்னேன். அப்பாவின் இடது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஆமென் சொன்னார். அவர்கள் போன பிறகு ஆரஞ்சை உரித்து, கொட்டையெல்லாம் எடுத்து, சுளை சுளையாக ஊட்டினேன்.

மகள் அடுப்படிக்கு வந்து, “எதுக்கும்மா தாத்தாவ அவ்வளவு பேருக்கு முன்னால அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டாள்.

“நான் அவங்ககிட்டயா சொன்னேன்? ஆண்டவர்ட்டல்லா சொன்னேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பதில் என்று எனக்கு உறைத்தது. மகளுக்கு அது தெரியாது. அன்றிலிருந்து ஜெப நேரத்தில் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய விளங்குகிற இடது கையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். சாயங்காலச் சாப்பாட்டை அவளே ஊட்டினாள். அவள் ஊட்டினால் அவர் துப்புவதில்லை. அது வேறு எனக்கு எரிச்சல்.

ஒரு சனிக்கிழமை மொட்டை மாடியிலிருந்து காய்ந்த விரிப்புகளை அள்ளிக்கொண்டு இறங்கினேன். தாத்தாவின் அறை ஜன்னல் படிக்கட்டை ஒட்டி இருக்கிறது. உள்ளே மகள் பேசிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று கம்பெனிக்குச் சொல்லியும்விட்டாள், அடுத்த மாதம் சேர வேண்டும். இங்கே திருநெல்வேலியிலேயே ஒன்று கிடைத்ததாம், அதை வேண்டாமென்றுவிட்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வாய் பேச முடியாதவரிடம் அத்தனையும் சொல்லுகிறாள்.

“அம்மாட்ட இன்னும் சொல்லல தாத்தா. இங்கனயே இருந்தா நானும் அம்மா மாதிரி ஆயிருவேன். செத்தாலும் அப்படி ஆக மாட்டேன். சத்தியமா.”

“ஆமென்” என்றார் அப்பா. மகள் சிரித்தாள்.

விரிப்புகளோடு அப்படியே நின்றேன். சத்தியம் பண்ணக் கூடாது பிள்ளை என்று உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். நானும் இதே வாயால் இதே சத்தியம் செய்தவள் என்று சொல்லியிருக்கலாம். அவள் தலையை மடியில் வைத்து அழுதிருக்கலாம். எனக்கு வந்ததோ ஆத்திரம். பெற்று வளர்த்தவள் நான், பேய் மாதிரித் துணி துவைக்கிறவள் நான், இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். விரிப்புகளை மடித்து அலமாரியில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சேர்த்து வைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம். ஐயரும் ஐயரம்மாவும் சாயங்காலம் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று நிறுத்திவிட்டேன். தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் செய்தோம். மகள் பம்பரமாகச் சுழன்று பரிமாற எடுத்து வைத்தாள். ஐயரம்மா நல்ல மனுஷி. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, “தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க” என்று பாராட்டினார். என் மகளின் கையில் இருந்த கரண்டி ஒரு நொடி நின்றது. அவள் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைதான்.

ஐயர், இன்றைக்கு நீங்களே ஜெபியுங்கள் அம்மா என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஐயரின் ஊழியத்துக்காக ஜெபித்தேன், மஸ்கட்டில் இருக்கிறவருக்காக ஜெபித்தேன். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு நன்றி சொன்னேன். பிறகு குரலை இறக்கினேன்.

“பெற்ற தாயைப் போல் ஆகிவிடுவேனோ என்று அருவருத்து, வாயில்லாதவரிடம் இரகசியம் பேசி, தாய்க்குத் தெரியாமல் தூரதேசம் போகத் துணிந்த இந்தப் பிள்ளையின் பெலவீனத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். இறங்கியதா என்று பார்க்கத்தான் திறந்தேன், பொய் சொல்லுவானேன். ஐயர் கண்ணை மூடியிருந்தார், ஐயரம்மா மூடியிருந்தார். மகளின் கண் திறந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வயதில் என்னிடம் இருந்தது அது. நானும் கண்ணை மூடவில்லை. ஜெபத்தை அழகாக முடித்தேன்.

“ஆமென்!” என்றார் அப்பா. பக்கவாதம் வந்த பிறகு அவ்வளவு தெளிவாக அவர் அதைச் சொன்னதில்லை. மகள் அவர் கையை விட்டுவிட்டாள்.

ஐயர் தொண்டையைச் செருமினார். துவையலில் இஞ்சி தூக்கலாக இருப்பதுதான் ருசி என்றார் ஐயரம்மா. மகளின் தட்டில் அப்பளம் ஒன்று கூடுதலாக வைக்கப் போனேன். அவள் உள்ளங்கையால் தட்டை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், துணி எடுத்து வைத்தாள், பெட்டி கட்டினாள். அவள் கிளம்புகிற சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸுக்கு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. எங்கள் ஆட்களில் ஜெபிக்காமல் யாரும் பயணம் புறப்பட மாட்டார்கள். அடுத்த ஊருக்குப் போனாலும் ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவோம். வா, ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டுப் போ என்று கூப்பிட்டேன்.

அவள் உள்ளே போய்த் தாத்தாவின் வாயைத் துடைத்துவிட்டு வந்தாள். செருப்பை மாட்டினாள். காபிக்குச் சீனி வேண்டாம் என்பது போல, கோபமே இல்லாமல் சொன்னாள்.

“எனக்காக ஜெபம் மட்டும் பண்ணிராதீங்கம்மா.”

ஆட்டோ போய்விட்டது. ஏழு மணிக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டு அப்பாவின் முன்னால் உட்கார்ந்தேன். பயணம் போகிற பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பெயர் நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். கேட்டுக்கொண்டது அது ஒன்றுதானே, அதையாவது கொடுக்க வேண்டாமா? அவளை எடுத்துவிட்டால் என் ஜெபத்தில் மிச்சம் இருந்தது அப்பா மட்டும்தான்.

“எண்பது வயதிலும் படுக்கையை நனைக்கிற இந்தப் பிள்ளையின் பெலவீனத்தை...” என்று ஆரம்பித்தேன். இப்போது எங்கள் வீட்டில் யாரும் கண்ணை மூடுவதில்லை. அவர் என்னையே பார்த்தார், நான் அவரையே பார்த்தேன். முடிகிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்து, ஆமென் என்றார். நானும் ஆமென் என்றேன். பிறகு அவருக்குச் சோறு ஊட்டினேன்.