கோணமலையும் என்ரை வயித்தெரிச்சலும்

போட்டோ ஸ்டூடியோவிலை வேலை எண்டால், ஊரார் பாத்து அனுபவிச்சதை நாங்கள் இருட்டறைக்குள்ளை நிண்டு கழுவிக் குடுக்கிறதுதான். கல்யாண வீட்டிலை பந்தி பரிமாறிப்போட்டுப் பசியோடை வீடு திரும்பினவை ஆரும் இருந்தால், என்ரை வயித்தெரிச்சல் உங்களுக்கு விளங்கும். எனக்கு இருந்தது ஒரேயொரு ஆசை. திருகோணமலையிலை கடலுக்கு மேலை செங்குத்தா நிக்கிற அந்தப் பாறையை என்ரை கண்ணாலை பாக்கோணும். எங்கடை யாழ்ப்பாணத்திலை ஏறி நிண்டு கடல் பாக்கப் பனையை விட்டால் வேறை என்ன இருக்கு?

சாட்சி

கோப்பாய் வாத்தியார் ஒருத்தர் குடும்பத்தோடை அங்கை போய்வந்து பிலிம் தந்தார். கழுவிப் பாத்தால், ஒவ்வொரு படத்திலையும் ஏழு பேர் வரிசையா நிக்கினம். பாறை ஒரு விரற்கடை, அலை ஒரு நூல், மிச்சமெல்லாம் மாமியாற்றை சீலை. எனக்குப் பொறுக்கேல்லை. "வாத்தியார், கொஞ்சம் விலகி நிண்டிருக்கலாமே?" எண்டன். மனிசன் படங்களை உறைக்குள்ளை போட்டுக்கொண்டு சொன்னார்: "பாறை பாக்கிறதெண்டால் நீர் போய்ப் பாருமன். நாங்கள் போனதுக்குச் சாட்சி வேண்டாமே?"

கலர் தீட்டினது

அடுத்தது முதலாளி. கல்யாண மாதமெண்டு எனக்கு லீவு மறுத்தவர், தான் மட்டும் பெண்சாதி பிள்ளையளோடை திருகோணமலைக்குப் போட்டு வந்தார். தான் பாறையிலை நிக்கிற படத்தைப் பெருப்பிச்சுக் கலர் தீட்டச் சொல்லி என்னட்டையே தந்தார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் தீட்டுறது என்ரை வேலை. கன்னத்துக்கு ரோசா, சீலைக்குச் சிவப்பு, எல்லாம் கைப்பாடம். பாறை என்ன நிறமெண்டு ஆரைக் கேக்கிறது? கேட்டால் நான் பாக்கேல்லை எண்டு தெரிஞ்சுபோமே! ரோசம் விடேல்லை.

எனக்குத் தெரிஞ்ச கல்லு எங்கடை ஊர்ச் சுண்ணாம்புக்கல்லு. பாறைக்கு வெளிர் மஞ்சளும் கடலுக்கு இளம் பச்சையும் தீட்டிக் குடுத்தன். கடை நிறையச் சனம். முதலாளி படத்தை வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்திட்டுக் கத்தினார்: "என்னடாப்பா, நான் போனது திருகோணமலைக்கு. நீ என்னை எங்கடை ஊர்க் கீரிமலைக் கேணிக் கட்டிலை ஏத்தி விட்டிருக்கிறாய்!"

போனன்

வேலை போனால் போகட்டும் எண்டு, அடுத்த கிழமையே லீவு கேக்காமல் என்ரை மனிசியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினன். விளிம்பிலை நிண்டு எட்டிப் பாத்தன். ஐயோ! கீழை பாதாளம். கடல் கறுத்த நீலமா எழும்பி வந்து அடிக்கிற அடியிலை நெஞ்சு அதிருது. பாறை சாம்பலும் கறுப்புமாக் கிடக்கு. எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. மனிசி என்ரை சேட்டுக் கொலரைப் பிடிச்சுப் பின்னாலை இழுத்தாள்.

அந்தச் சந்தோசம் கொஞ்ச நேரந்தான். பக்கத்திலை ஒரு கச்சான்காரி, வறுத்த நிலக்கடலைப் பெட்டியோடை, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிறா. ஒவ்வொரு நாளும் இஞ்சை இருக்கக் கிடைச்ச மனிசி! எனக்குப் பத்தியெரிஞ்சுது. "நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் அம்மா" எண்டன். அவ எந்த ஊரெண்டு கேட்டா, சொன்னன். முழங்காலைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டா: "யாழ்ப்பாணமா? அங்க ஏத்தம் இறக்கமே இல்லையாம். இந்தப் பெட்டியத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி என்ர முழங்கால் போயிற்று. குடுத்து வச்சது நீங்கதான் தம்பி."

என்னைப் பாத்துப் பொறாமைப்படவும் உலகத்திலை ஒரு மனிசி இருக்கிறா எண்ட சந்தோசப் புளுகத்திலை, பாறையை இன்னொருக்காத் திரும்பிப் பாக்காமலே இறங்கி வந்திட்டன்.