புல்டோசருக்குள் காயப்போட்ட ரவிக்கை

சாரல் பெய்கிற நாளில் தீப்பிடித்தது என்றால் தென்காசிப் பக்கம் யாரும் நம்பமாட்டார்கள். பிடித்தது. பிடிக்க வைத்தவள் நான்.

அப்போது குற்றாலம் போகிற வழியில் ஒரு கல் குவாரியில் எனக்கு வேலை. புல்டோசரில் ஒழுகிக் கிடக்கும் ஆயிலையும் கிரீஸையும் தினமும் துடைக்க வேண்டும். அந்த அழுக்கில்தான் தீப்பிடிக்கும் என்று மேஸ்திரி முதல் நாளே சொன்னார். தலையை ஆட்டினேன். ஆம்பிளைகளுக்கு நான் சொல்லும் பதில் அது ஒன்றுதான்.

சீசனில் நனைந்துதான் வேலைக்கு வருவோம். ஆம்பிளைகள் துண்டை மிஷின் மேலேயே விரித்துவிடுவார்கள். நான் ஷெட்டுக்குள் போய் ரவிக்கை மாற்றுவேன். நனைந்ததை அத்தனை பேர் பார்க்க எப்படி விரிப்பது? என்ஜின் மூடியைத் திறந்து, சைலன்சர் குழாய் ஓரமாகச் செருகிவிடுவேன். மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். என் மூளையை நானே மெச்சிக்கொள்வேன்.

ஒரு நாள் எடுக்க மறந்துபோனேன். சாப்பாட்டுக்கு அப்புறம் ஆபரேட்டர் சங்கரபாண்டி அண்ணாச்சி வண்டியை மேட்டில் ஏற்றினார். மூடி இடுக்கில் புகை. கத்த வேண்டும், சத்தம் வரவில்லை. கையை ஆட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

தீ எட்டிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தொண்டை திறந்தது.

“அண்ணாச்சி, தீ! குதிங்க!”

என்ஜினை நிறுத்திவிட்டுக் குதித்தார். தீ வாளிகளில் இருந்த மணலை எல்லாம் கொட்டி அணைத்தோம். டீசல் குழாய்க்கும் தீக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

மானேஜர் ஜீப்பில் வந்து அண்ணாச்சியை முறைத்தார். “பீடி குடிச்சியா?”

“வண்டில ஏறினா பீடியத் தொடமாட்டேன் சார்.”

மேஸ்திரி விடவில்லை. “பொறவு எப்படிலே பிடிக்கும்? சாரலா வந்து கொளுத்திச்சு?”

எல்லாரும் சிரித்தார்கள். “நாளையிலிருந்து வராதே” என்றார் மானேஜர். அண்ணாச்சிக்கு நாலு பிள்ளைகள். ரவிக்கையோ சாம்பலாகிவிட்டது. நான் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அண்ணாச்சி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

“பீடி இல்ல சார். என் துணி.”

“என்ன துணி?”

“துணிதான்.”

“ஏட்டி, சத்தமாச் சொல்லு!” என்றார் மேஸ்திரி.

“என் ரவிக்கை!”

மலையில் பட்டு இன்னொரு தடவையும் கேட்டது.

மானேஜர் திட்டி முடித்துவிட்டு அண்ணாச்சியைத் திரும்பக் கூப்பிட்டார். “இனி எந்த வண்டியும் மூடியை இவ திறந்து பார்க்காம கிளம்பக் கூடாது.” எனக்குத் தண்டனை அது.

மறுநாள் காலை வரிசையாகத் திறந்தேன். புல்டோசர் சுத்தம். லாரி சுத்தம். மானேஜரின் ஜீப்பில் என்ஜின் மேலே ஈரமாக இரண்டு சாக்ஸ்.

“சார், இது...”

“மெதுவாச் சொல்லும்மா” என்றார்.

குவாரி வேலைக்குப் போகிற பிள்ளைகளே, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் மூடியைத் திறந்து பாருங்கள், மானேஜர் வண்டியானாலும் சரி. புகை தெரிந்தால் என்னை மாதிரிக் கையை ஆட்டிக்கொண்டு நிற்காதீர்கள். கத்துங்கள்.