ஒப்புக்குச் சப்பாணிக்கு ஐந்து புள்ளி

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, சுற்றுப்பட்டு ஜில்லாக்களிலுள்ள பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையெல்லாம் கூட்டி எங்கள் சித்தி சேரன்மகாதேவியில் ஒரு செஸ் போட்டி நடத்தினாள். அம்மாவின் தங்கை அவள். வார நாட்களில் தாலுகா ஆபீசில் வேலை, சனி ஞாயிறில் செஸ் நடுவர். குழம்புக்கு உப்புப் போட்டோமா என்பது அவளுக்கு மறந்துபோகும். எந்தப் பிள்ளை எந்த ஊரில் குதிரையை வெட்டுக் கொடுத்துவிட்டு அழுதது என்பது மட்டும் மறக்கவே மறக்காது.

போட்டிக்குக் கிடைத்த இடம் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள்தான் அங்கே ஒரு கல்யாணம் முடிந்திருந்தது. வாசலில் வாழைமரம் வாடாமல் நின்றது. மேடையில் மணமக்களின் பெயர் தெர்மாகோல் எழுத்தில் அப்படியே மின்னியது. அவர்கள் உட்கார்ந்த சிவப்பு நாற்காலிகளில் சித்தப்பா கோப்பைகளை உட்காரவைத்தார். சதுரங்கப் பலகைகளைப் பந்தி மேசைகளில்தான் பரப்பினோம். குனிந்து யோசித்தால் லேசாக ரசம் மணக்கும்.

வந்து சேர்ந்த பிள்ளைகள் அறுபத்தொரு பேர். அதில்தான் வினை வந்தது. ஆள் ஒற்றைப்படையில் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிள்ளைக்கு ஜோடி அமையாது. கடைசியில் கிடக்கிற பிள்ளையைச் சும்மா உட்காரவைத்து, ஆடாமலே ஒரு புள்ளி கொடுத்துவிடுவார்கள். எல்லா ஊரிலும் நடக்கிற வழக்கம்தான். சித்திக்கு அது ஆகாது. காலையில் இட்லியும் கையுமாக இருந்த என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ ஆடுத" என்றாள்.

நான் துள்ளிய துள்ளலில் சட்டினி அவள் சேலையில் தெறித்தது. நடத்துகிறவர்கள் வீட்டுப் பிள்ளை பரிசு வாங்கினால் ஊர் வாய் சும்மா இருக்காது என்று, அதுவரை என் பெயரை அவள் சேர்க்கவே இல்லை. இப்போதும் நிபந்தனை இருந்தது.

"ஒனக்குப் பரிசு கெடையாது. எடையில ஆள் ஒத்தையாயிட்டா, எந்திரிச்சிரணும். சரியா?"

தெருவில் விளையாடும்போது அழுகிற சின்னப் பிள்ளையைச் சமாதானத்துக்காகச் சேர்த்துக்கொள்வோமே, ஒப்புக்குச் சப்பாணி என்று. எனக்குக் கிடைத்தது அந்தப் பதவி. சரி என்று தலையாட்டினேன். தலையைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

உண்மையில் எனக்குக் கோப்பை மேல் ஆசையில்லை. பாளையங்கோட்டைப் பையன் ஒருவன் மேல்தான் கண். ஆறு மாதத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடப் போட்டியில் பதினான்கே நகர்த்தலில் என் ராஜாவைக் கட்டிப்போட்டவன் அவன். அன்றிலிருந்து அவனுக்கு என் பெயர் பதினாலு. அன்று காலையிலும், அவன் அம்மா பிளாஸ்கிலிருந்து பால் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்க, "ஏ பதினாலு, நீயும் வந்துருக்கியா?" என்று கேட்டான். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மொத்தம் ஆறு சுற்று. ஜெயித்தவரை ஜெயித்தவரோடும் தோற்றவரைத் தோற்றவரோடும் மோதவிடுவார்கள். ஆகவே அவன் எதிரில் போய் உட்கார வேண்டுமானால் நான் ஜெயித்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் யாருக்கு யார் என்ற தாளைச் சித்தப்பா சுவரில் ஒட்டுவார். அவர் பசை டப்பாவைத் திறப்பதற்குள் அறுபது பிள்ளைகளும் அவர் முதுகில் ஏறிவிடும். பெற்றோருக்கு உள்ளே அனுமதியில்லை. அவர்கள் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, கண்ணாலேயே காய் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

முதல் மூன்று சுற்றும் எனக்கு வெண்ணெயில் கத்தி போனது போலப் போயின. நாலாவதில் ஒரு அம்பாசமுத்திரத்துக்காரி என் ராணியைத் தூக்கிவிட்டு, வந்த சந்தோஷத்தில் தன் ராணியையும் தாரைவார்த்தாள். ஐந்தாவதில் கடிகாரத்தில் எட்டு விநாடி இருக்கும்போது யானையை வைத்து மேட் கொடுத்தேன். வெளியே ஓடிவந்து பார்த்தால் பாளையங்கோட்டைப் பையனுக்கும் ஐந்து, எனக்கும் ஐந்து. மற்ற ஒருவருக்கும் ஐந்து இல்லை. இனி முதல் மேசையில் அவனும் நானும்தான். அவனே என்னிடம் வந்தான். இந்தத் தடவை பதினாலு என்று கூப்பிடவில்லை. "நீ வெள்ளையா கறுப்பா?" என்று மட்டும் கேட்டான். அப்போது எனக்கு வந்த சந்தோஷம் பிறகு எந்தப் பரீட்சையில் பாஸானபோதும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, மத்தியானம் புளியோதரையை மூன்று தடவை வாங்கித் தின்ற களக்காட்டுப் பையன் ஒருவன் கை கழுவுகிற இடத்தில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன் அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். சித்தப்பா வந்து, "களக்காட்டான் போயிட்டான். இவளையும் சேத்து இப்ப அறுவத்தொண்ணு" என்றார். சித்தி என்னைப் பார்த்தாள்.

"சித்தி, கடைசில இருக்கவளுக்குச் சும்மாவே ஒரு புள்ளி கெடைக்கும்லா? அஞ்சுலயும் தோத்தவ. சந்தோசப்படுவா" என்றேன். சித்தி தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சரி, அந்தப் பிள்ளை வாயாலேயே சம்மதம் வாங்கிவிடுவோம் என்று ஓடினேன்.

அவள் புன்னக்காயல்காரி. பெயர் ரோஸ்லின், என் வயதுதான். வாசல் தூணில் சாய்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். படகில் வேலை பார்க்கிற அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த சுத்துல நீ ஆடாண்டாம். சும்மா உக்காந்தா ஒரு புள்ளி தாராங்களாம். சரின்னு சொல்லு."

அவள் முறுக்கை வாயிலிருந்து எடுத்தாள். "ஏன், எங்கூட ஆட ஆளில்லையா?"

"ஆளெல்லாம் இருக்கு. இது சும்மா கெடைக்கிற புள்ளிட்டி."

"நாங்க விடியக்காலம் நாலு மணிக்கு முழிச்சி, ரெண்டு பஸ் மாறி வந்துருக்கோம். சும்மா உக்காரவா? நான் ஆடுவேன்."

நான் திரும்பி வந்து, "சித்தி, அவளுக்குச் சம்மதமாம்" என்றேன். என் வாழ்க்கையில் கூசாமல் சொன்ன பொய்களில் அது முக்கியமானது. சித்தி என் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவிடம், "இவ பேர எடுத்துருங்க" என்றாள்.

நான் அழுதேன். காலை உதைத்து அழுதேன். இனி ஜென்மத்துக்கும் உன் வீட்டுக்கு வரமாட்டேன் என்றேன். அவள் வீட்டில்தான் அந்த லீவு முழுக்கத் தங்கியிருந்தேன் என்பது வேறு விஷயம். பாளையங்கோட்டைப் பையன் என்னைக் கடந்து போகும்போது, "தப்பிச்சிட்ட" என்றான். வெந்த புண்ணில் வேல்.

கடைசிச் சுற்று தொடங்கியது. ஆட்டம் முடித்த பிள்ளைகளெல்லாம் முதல் மேசையைச் சுற்றி மொய்த்தார்கள். சித்தப்பா அங்கே நின்றார். ஜன்னல் கம்பியிலும் அந்தப் பக்கத்தில்தான் கூட்டம். என் நாற்காலியில் ஒரு தென்காசிப் பையன் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தான். நடுவரான சித்தியை அங்கே காணோம். அவள் முப்பதாவது மேசைக்குப் பக்கத்தில், சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ரோஸ்லினின் பலகையையே பார்த்தபடி நின்றாள். என்னை எழுப்பிவிட்டதுமில்லாமல், முதல் மேசை ஆட்டத்தைப் பார்க்கக்கூட வரவில்லையே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ரோஸ்லினிடம் மிஞ்சியது ராஜா மட்டும். எதிரில் இருந்த பையனிடம் இரண்டு ராணி. ராஜாவை மூலைக்குத் துரத்திக்கொண்டே போனவன், ஒரு ராணியை ஓங்கி வைத்து, "மேட்" என்றான். ரோஸ்லின் தலைகுனிந்து கை கொடுக்கப் போனாள். சித்தியின் கை நடுவில் வந்தது.

"பொறுங்க. ராஜாவுக்குச் செக் இருக்கா?"

பையன் பார்த்தான். இல்லை.

"நகர எடம் இருக்கா?"

அதுவும் இல்லை.

"அப்ப ஆட்டம் சமம். ஆளுக்கு அரை."

ரோஸ்லின் சித்தியின் முகத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு நேரே என்னிடம்தான் ஓடிவந்தாள். மண்டபத்தில் அவளோடு பேசியிருந்தது நான் ஒருத்திதான் போலிருக்கிறது. "எனக்கு அரை, ஏட்டி, எனக்கு அரை" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒனக்கு எத்தன?"

"அஞ்சு" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவள் கண்கள் விரிந்தன. என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பினாள். "அப்பா, இவளுக்கு அஞ்சு, எனக்கு அரை" என்றாள், இரண்டும் எங்கள் இருவருக்கும் பொதுச் சொத்து என்பது போல. அவர் எழுந்து நின்று, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் தனித்தனியாகக் கை கொடுத்தார்.

மேடையில் பாளையங்கோட்டைப் பையனின் பெயரை வாசித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. சும்மா இருந்திருந்தால் முழுசாக ஒன்று கிடைத்திருக்கும், ஆடி அரைதான் வாங்கினாள், அதற்கு ஏன் இப்படிக் குதிக்கிறாள், இவளுக்குக் கணக்கே தெரியாதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.