உண்டியில் போட்ட ஓட்டு

மலாய் மொழியில் ஓட்டுக்கு உண்டி என்று பெயர். எங்கள் வீட்டில் உண்டி என்றால் கோயில் உண்டியல். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒன்பது வயதில் நான் எங்கள் ஊரான காப்பாரின் குடியைக் கெடுத்தேன்.

எங்கள் சங்கத்துக்கு ஏழு கிளைகள். தலைநகரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் கிளையில் ஐந்நூறு குடும்பம். காப்பாரில் எங்களையும் சேர்த்து இருபத்திரண்டு. தலைவரை உறுப்பினர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கிளைக்கு ஒரு பேராளர், பேராளருக்கு ஒரு ஓட்டு. எங்கள் கிளைக்கு அப்பாதான் பேராளர். அதனால் தலைவராக ஆசைப்பட்ட அத்தனை பேரும் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து, மீன் குழம்பு சாப்பிட்டு, ஊர்க்குறை கேட்டுப் போனார்கள். சனிக்கிழமை டியூஷன் வகுப்பு எங்களுக்கு அப்படிக் கிடைத்ததுதான்.

அந்த ஆண்டு பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். இனிப் பேராளர் வேண்டாம், ஆளுக்கு ஓர் ஓட்டு. எங்கள் ஊர் ஆடிப்போய்விட்டது. கூட்டத்துக்குப் புறப்படும்போது, கிளைச் செயலாளரான எதிர்வீட்டு அங்கிள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பார்த்துப் போடுங்க அண்ணே. இது போச்சுன்னா நம்ம பக்கம் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான் லா. பிள்ளைங்க கிளாஸும் போயிடும்."

"நான் பார்த்துக்கிறேன்," என்றார் அப்பா.

அம்மாவுக்கு அன்று மேரு தொழிற்சாலையில் ஷிப்ட். அதனால் நானும் அப்பாவோடு போனேன். கிள்ளானைத் தாண்டியதும் அப்பா தனக்குத்தானே பேச ஆரம்பித்தார். "இருபது வீட்டுக்கும் ஒண்ணு, ஐந்நூறு வீட்டுக்கும் ஒண்ணு. இது என்ன நியாயம்?" எதிர்த்தரப்பு கேட்கப்போகும் கேள்வியை ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"அப்ப நம்ம ஊருக்கு யாருப்பா வருவா?" என்றேன்.

அவர் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

கூட்டம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. பேசிப் பேசி ஓய்ந்த பிறகு ஏழு பேராளர்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்கள். அப்பா நெடுநேரம் யோசித்து, கோடு போட்டு மடித்தார். அதே நேரம் வாசலில் ஒருவர் கத்தினார். "வெள்ளைக் காடி யாரோடது, பாஸ்? லோரி மாட்டிக்கிச்சு!"

எங்கள் கார்தான். அப்பா சீட்டை என் கையில் திணித்தார். "ஓடிப்போய் உண்டியில போட்டுடும்மா."

நான் ஓடினேன். மேசைமேல் இருந்த அட்டைப்பெட்டியைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி, சன்னதிக்கு முன்னால் இருந்த உண்டியலில் போட்டேன். போட்டதோடு விட்டேனா? எங்கள் கிளாஸ் போகக்கூடாது என்று கண்ணை மூடிக் கும்பிட்டும் வந்தேன்.

பெட்டியைத் திறந்தபோது ஆறு சீட்டுதான் இருந்தது. மூன்றுக்கு மூன்று. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள், அப்பா என்னைப் பார்த்தார். நான் சன்னதிப் பக்கம் கையைக் காட்டினேன். மண்டபமே சிரித்தது. நான் அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவியை வைத்திருந்தவர் காசிக்குப் போயிருந்தார். "பரவால்ல, வாயால சொல்லிடுங்க, எழுதிக்கிறோம்," என்றார் கூட்டத் தலைவர். அப்பா சன்னதிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "வேணாம், சட்டம் சட்டம்தான்," என்றார். என் அப்பா எவ்வளவு நேர்மையானவர் என்று அந்தப் பயத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. சமமானால் கூட்டத் தலைவருக்கு ஓர் ஓட்டு உண்டு; அவர் அதைப் போட்டார். தீர்மானம் நிறைவேறியது.

காப்பாரில் எதிர்வீட்டு அங்கிள் வாசலிலேயே காத்திருந்தார். அப்பா என் தலையில் கை வைத்தார். "பிள்ள தெரியாம உண்டியல்ல போட்டுட்டா. சின்னப் பிள்ள, விடுங்க." அங்கிள் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட அன்றிரவு சாப்பிட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் மீன் குழம்பு சாப்பிட வரவில்லை. டியூஷன் வகுப்பு கிள்ளானுக்குப் போனது. என்னை அப்பா காரில் கொண்டுபோய் விட்டார். எதிர்வீட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். சனிக்கிழமை அதில் அங்கிள் வேலைக்குப் போய்விடுவார். என்னோடு படித்த அவர் மகள் கேட்டுக்கு உள்ளே நின்று பார்ப்பாள். நான் கார் இருக்கைக்குக் கீழே குனிந்துகொள்வேன்.

சில மாதம் கழித்து உண்டியலைத் திறந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் இருந்த அத்தை கோயில் வேலைக்கு உதவப் போயிருந்தார். அடுத்த முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "இந்தாடி உன் ஓட்டு," என்று சிரித்துக்கொண்டே அந்தச் சீட்டை என்னிடம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். மேலே 'கிளைக்கு ஒன்று', கீழே 'ஆளுக்கு ஒன்று'. கீழே இருந்த வரிக்கு எதிரில் அப்பாவின் நீலப் பேனாக் கோடு. நான் வரியை எங்கே பார்த்தேன்? சீட்டு கிடைத்துவிட்டதே என்ற ஒரே சந்தோஷம். ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன்.

அவர் அதை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "போனது போச்சு, விடும்மா," என்றார். அன்று மாலை, கேட்காமலேயே, எனக்கு ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தார்.

அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன்.