தண்ணி தராத பாவி

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கடைசியில் பலெர்மோவில் இருந்த எவருக்கும் அந்தப் பாட்டுத் தெரிந்திருக்கும். கபோச் சந்தையில் மீன் விற்கிறவனின் ரேடியோவிலிருந்து பொலிதேயாமாவின் சப்பாத்துக் கடைகள் வரை அதுதான் ஓடியது. முதலில் இங்கிலீசில் நாலு வரி. பிறகு ஒரு பெண்குரல் ஒரே அடியை எட்டுத் தரம் பாடும். கீழைத்தேய மந்திரம் என்று கசெற் மட்டையில் அச்சடித்திருந்தார்கள். மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது. அது நல்ல தமிழ். மட்டையில் சிரித்துக்கொண்டிருந்தவள் பாடியவளும் இல்லை.

பாடியவள் செலஸ்ரீனா. மன்னார்க்காரி, வயது முப்பத்திநாலு, பொலிதேயாமாவில் ஒரு சின்யோரா வீட்டில் வேலை. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரே மகள் ஜெனுஷா, செலஸ்ரீனாவின் தமக்கையோடு மடு அகதி முகாமில் இருந்தாள். மகளைக் கூப்பிட செலஸ்ரீனாவுக்கு முதலில் பெர்மெசோ வேண்டும். அந்த வதிவிடப் பத்திரம் இல்லாமல் அவள் இந்த ஊரில் மூன்று வருடமாக ஒளிந்து ஒளிந்து திரிந்தாள். பொலிஸ்காரனைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் போய்விடுவாள்.

நான் நகுலேஸ்வரன். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். எங்கள் ஆட்களுக்குள் இத்தாலி பாஷை தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரால்தான் அவள் கெட்டாள்.

சின்யோராவின் மகன் விட்டுப்போன ஒரு பெட்டி இசைத்தட்டு அந்த வீட்டில் கிடந்தது. எல்லாம் கறுப்பு அமெரிக்கர்கள் பாடின சோல் பாட்டுகள். இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்கும்போது அவள் அவற்றைப் போட்டுக் கேட்பாள், கூடவே பாடுவாள். ஒரு சொல் விளங்காது, ஆனால் அழுகை விளங்கும். சோல் என்றால் என்ன என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். ஆத்துமா என்றேன்.

"அப்ப இது செத்த ஆத்துமாக்களுக்குப் பாடுறதோ அண்ணை?"

"ஓம், அப்பிடித்தான்," என்று தெரிந்தவன் மாதிரிச் சொல்லி வைத்தேன்.

அவள் அதை நம்பினாள். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக வேண்டிக்கொள்கிற அதே நெஞ்சோடு அந்தப் பாட்டுகளைப் பாடினாள். பெரிய வெள்ளியன்று கோவிலில் அவள் புலம்பல் பாடக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது எப்படிப்பட்ட தொண்டை என்று. ஒருநாள் வீட்டுக்கு வந்த மகனும் கேட்டுவிட்டான். கேட்டவன் சும்மா இருக்காமல் வெனுத்தியைக் கூட்டிவந்தான்.

வெனுத்தி பாட்டுப் பதிந்து விற்கிறவன். எல்லாரையும் தோளில் தட்டிக் கதைப்பான். இப்படித் தட்டிக் கதைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும். அன்றைக்கு என்னவோ பெருமையாக இருந்தது. மொழிபெயர்க்க நானும் போனேன்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பிரான்காச்சோவில் பழைய பட்டறை ஒன்று. ஜன்னல்களை அடைத்துச் சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டியிருந்தார்கள். அவள் பாடுகிற பக்கத்தில் காற்றாடியின் சத்தமும் பதிவாகிவிடும் என்று அதை நிறுத்தினார்கள். காலை பத்து மணிக்குப் பாடத் தொடங்கியவளை மூன்று மணியாகியும் விடவில்லை. தண்ணி கேட்டாள். பிறகு என்றான். திரும்பவும் கேட்டாள். வெனுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"தண்ணி குடித்தால் குரல் இளகிவிடும். தொண்டை வறண்டு கிழியவேண்டும். அப்போதுதான் ஆத்மா வரும். கறுப்புக் குரல் மாதிரி இருக்கும். அவளுக்குச் சொல்லு."

இதை நான் அவளிடம் சொன்னேன். வெட்கமில்லாமல், ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் உடுப்பு நனைந்து நின்றாள். இந்தப் பக்கம் எனக்குக் காற்றாடி, கதிரை, ஒரு போத்தல் குளிர்ந்த தண்ணி, கிளாசில் எலுமிச்சைத் துண்டு.

கடைசியில், உன் பாஷையில் ஏதாவது பாடு, சும்மா வாயில் வருவதைப் பாடு என்றான். அவள் கண்ணை மூடினாள். பெரிய வெள்ளிப் புலம்பலின் மெட்டைப் பிடித்து, சிலுவையில் தொங்குகிறவர் தாகம் என்று கேட்கும் இடத்தில் இழுக்கிற அந்த இழுவையில் பாடினாள்:

"தண்ணி தராத பாவி... தண்ணி தராத பாவி..."

வெனுத்தி கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினான். இதுதான், இதுதான் என்று கத்தினான். என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அன்பின் ஆறு," என்று அவிழ்த்துவிட்டேன்.

போகும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டான். தலைப்பு லிபெராத்தோரியா. லிபெரா என்றால் சுதந்திரம் என்பது எனக்குத் தெரியும். "இது உன்னைக் கட்டிப்போடாத பத்திரம், பயமில்லாமல் வை," என்றேன். வைத்தாள். எல்லா உரிமையையும் நானாகவே விட்டுக் கொடுக்கிறேன் என்று எழுதித் தருவதற்கு இந்த நாட்டில் அதுதான் பேர். அது எனக்குத் தெரியவந்தபோது கார்த்திகை மாதம்.

கபோவில் அவள் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்க, கசெற் விற்கிறவனின் பெட்டியிலிருந்து அவளுடைய குரல் வந்ததாம். எங்கள் சனம் நாலைந்து பேர் சுற்றி நின்று வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சிசிலிக்காரி இடுப்பை ஆட்டி ஆட்டித் தானும் பாடியிருக்கிறாள், தண்ணி தராத பாவி என்று. மட்டையில் இருந்தவள் சபீனா என்று ஒரு பெட்டை. மாநிறமாகக் காட்டுவதற்கு முகத்தில் பழுப்பு மா அப்பியிருந்தார்கள். உண்மையாகவே மாநிறமானவளின் பேர் அந்த மட்டையில் எங்கும் இல்லை.

அவளும் நானும் வெனுத்தியிடம் போனோம். அவன் தாளை எடுத்துக் காட்டினான். "குரலா? குரலுக்கு முகம் இருக்கா? கேஸ் போடுவதென்றால் போடுங்கள். குவெஸ்தூராவில் பொலிஸ்காரன் முதலில் இவளுடைய பெர்மெசோவைத்தான் கேட்பான்." சொல்லிவிட்டு என் தோளில் தட்டினான், நாய்.

ஆனால் அவனுக்கும் ஒரு தேவை வந்தது. அந்த மாரிகாலம் அரசாங்கம் ஒரு பொதுமன்னிப்பு அறிவித்திருந்தது. இவர் என்னிடம் வேலை செய்கிறார் என்று முதலாளி ஒருவர் கையெழுத்து வைத்தால், மார்ச் கடைசிக்கு முன்னால் பெர்மெசோவுக்கு விண்ணப்பிக்கலாம். சின்யோரா மாட்டேன் என்றுவிட்டாள். வெனுத்தி, நான் வைக்கிறேன் என்றான். ஒரே ஒரு நிபந்தனை. உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஞாயிறு மத்தியானம் நேரடி நிகழ்ச்சி. சபீனா வாயசைக்கும்போது செலஸ்ரீனா சேலை கட்டி, பித்தளைக் குடத்தோடு பின்னால் நிற்கவேண்டும். இந்தியத் தோற்றம் வேண்டுமாம். முடிந்ததும் திங்கட்கிழமை கையெழுத்து.

போய் நில் பிள்ளை என்று நான்தான் சொன்னேன். ஜெனுஷாவை நினை என்றேன். அவள் சேலையை மடித்துப் பையில் வைத்தாள்.

எங்கள் சனத்தில் பாதிப்பேர் நிகழ்ச்சி நடந்த மண்டபத்தில் இருந்தோம். நான் முதல் வரிசையில். பாட்டு ஓடியது. சபீனா வாயை வாயைத் திறந்தாள். பாடினவள் வெறுங்குடத்தைப் பிடித்துக்கொண்டு கம்பம் மாதிரி நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மயிர்க்கால் எல்லாம் எரிந்தது. ஆனால் எழும்பவில்லை.

பாட்டு முடிய, நிகழ்ச்சி நடத்துகிறவன் சபீனாவிடம் அந்த அடிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். "அன்பின் ஆறு," என்றாள் அவள். நான் சொன்ன பொய் மேடையேறி நின்றது. அவன் ஒரு பகிடிக்காகக் குடக்காரியிடம் திரும்பினான். "சரிதானே சின்யோரா?" ஒலிவாங்கியை அவள் வாயருகே நீட்டினான்.

மேடைக் கரையில் நின்ற வெனுத்தி தலையை ஆட்டிக் காட்டினான். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். திங்கட்கிழமை கையெழுத்து, பிறகு மகள்.

செலஸ்ரீனா குடத்தைக் கீழே வைத்தாள். "இல்லை," என்றாள், வீடு துடைத்துப் பழகிய இத்தாலி பாஷையில். "அர்த்தம், தண்ணி தராத பாவி. பாவி அவன். பாடினது நான்."

கையை நீட்டி வெனுத்தியைக் காட்டினாள். சனம் பகிடி என்று நினைத்துச் சிரித்தது. அவள் அந்தச் சிரிப்புக்கு மேலாலேயே பாடத் தொடங்கினாள். வாத்தியம் இல்லை, கசெற் இல்லை. இரண்டாம் தரம் பாடும்போது சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாம் தரம் விளம்பரத்தைப் போட்டு மறைத்தார்கள்.

வெனுத்திக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. தொலைக்காட்சிச் சண்டையைச் சொல்லியே கசெற்றை இன்னும் விற்றான். கையெழுத்து வைக்கவில்லை. மார்ச் முடிந்தது. ஜெனுஷா பலெர்மோவுக்கு வர இன்னும் நாலு வருடம் பிடித்தது, தாயைவிட உயர்ந்த பிள்ளையாக வந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று எங்கள் சனமே அவளைக் குறை சொல்லித் திரிந்தது.

முதலில் சொன்னவன் நான்தான். அன்றைக்கு மண்டபத்துக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தில், சேலையோடு நின்றவளிடம் பாய்ந்தேன்.

"விசரே உனக்கு? கைக்கு வந்த பெர்மெசோ போச்சே! ஒரு ஓம் சொல்ல உனக்கு என்ன கேடு?"

அவள் கோபிக்கவில்லை.

"அண்ணை, அண்டைக்கு பிரான்காச்சோவில உங்களுக்கு ஒரு போத்தல் தண்ணி தந்தவங்கள்தானே?"

"ஓம்."

"எனக்கு ஒரு மிடறு விட்டு வைச்சனீங்களோ?"

பஸ் வந்தது. அவள் ஏறினாள். நான் ஏறவில்லை.